கமராவுக்கு முதுகு காட்டியவன்

அக்கரைப்பற்றுச் சந்தியில் பஸ் நிற்கும் இடத்தில் என் கமராப் பெட்டியை வைத்திருக்கிறேன். ஊர் ஊராகப் போய்ப் படம் பிடிப்பது என் தொழில். ஆட்கள் பார்த்து வரட்டும் என்று பெட்டியின் பக்கத்தில் பழைய படங்கள் சிலதைக் குத்தி வைத்திருக்கிறேன்.

தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் ஒரு படத்தின் முன்னால் நிற்கிறார். பஸ் வந்து போகிறது, அவர் ஏறவில்லை. அது போன வருஷம் பாலமுனைக் கடற்கரையில் எடுத்தது. வலை இழுக்கும் பொடியன்மார் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் மட்டும் முதுகு காட்டி நிற்கிறான்.

"இவன் என்ட மகன், தம்பி. மாரியில கடலுக்குப் போனவன் திரும்பி வரல்ல."

"வேற படம் இல்லையா காக்கா?"

"எங்கால வேற படம்? படம் பிடிக்கிறது ஹராம், மார்க்கத்தில கூடாது, திரும்பி நில்லுடா எண்டு அண்டைக்கு நான்தானே சத்தம் போட்டன்."

இந்தப் பெட்டி ஒரு புதினமான சாமான். காட்டிய பக்கத்தை வருஷக்கணக்கில் வைத்திருக்கும். காட்டாததை யார் கேட்டாலும் தராது.

படத்தைக் கழற்றி அவர் கையில் கொடுக்கிறேன். அவர் அதைத் திருப்பிப் பார்க்கிறார். பின்னால் வெறும் வெள்ளை.

"மத்தவனுகளுக்கும் அவனுகள்ட வாப்பாமார் சத்தம் போட்டதுதான்" என்கிறார். "என்ட மகன் மட்டும் சொல்லுக் கேட்டான்."