கோமதி இருக்கும் ஊர்

மெல்போர்னில் நான் கூட்டித் துடைக்கும் விடுதியில் கெட்டில் முதல் குளியலறைக் கதவு வரை எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊற்று, சுவிட்சைப் போடு, கொதிக்கும்வரை நில். இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள் ஆறு பேர் அங்கே தங்கியிருக்கிறார்கள். காதில் யாரோ பேசுவதுபோல் கேட்டு, மாத்திரையில் அது அடங்கி, இப்போது ஒரு டீ போடுவதற்குள் பாதியில் மறந்து நிற்பவர்கள். முதல் நாள் அத்தனை சீட்டையும் உரித்துக் குப்பையில் போட்டேன். சுத்தம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். பொறுப்பாளர் கேரன் கத்தவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கியெடுத்து என்னையே திரும்ப ஒட்டச் சொன்னார். வரிசை தெரியாமல் நான் விழித்ததைப் பார்த்த ஜூலி என்ற பெண், "உனக்கும் எங்களைப் போலத்தானா? பரவாயில்லை, மெதுவாகச் செய்" என்று தோளில் தட்டினாள். கேரன் சிரித்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கூடப் பிறந்தவர்கள்? யாருமில்லை என்றேன். வாய் கூசவில்லை.

எனக்கு ஒரு தங்கை உண்டு. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் கணக்கில் கோமதியை மிஞ்ச ஆளில்லை. எண்பதுகளின் நடுவில், கல்லூரி இரண்டாம் வருடத்தில், யாரோ தன்னை ஓயாமல் திட்டுவதாகச் சொல்ல ஆரம்பித்தாள். அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போய் அருவியில் நிறுத்தினோம். அடங்கவில்லை என்றதும் மதுரை டாக்டர். மூன்று மாதத்தில் குரல் நின்றது. "குரல் போயிட்டதால எல்லாம் சரியாயிட்டுன்னு நினைக்காதீங்க. ஞாபகமும் கவனமும் திரும்ப நாளாகும். ஒவ்வொரு வேலையா பழக்குங்க, அவசரப்படுத்தாதீங்க" என்றார் டாக்டர். அதில் 'குரல் போயிட்டு' என்பதை மட்டும் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மீதியை அவளே கண்டுபிடித்தாள். அடுப்படிச் சுவரில் பென்சிலால் எழுதினாள். அரிசி களை. உலை வை. உப்பு. உப்புப் போட்டதும் பக்கத்தில் ஒரு கோடு. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போய்விட்டு அம்மா திரும்பும்போது சோறும் குழம்பும் தயாராக இருக்கும். ஒன்றரை மாதம் அப்படி நடந்தது. அந்தச் சோற்றை நானும் தின்றேன்.

பிறகு சேத்தூரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நோயை மறைத்துவிட்டோம். சுவரை எப்படி மறைப்பது? சுண்ணாம்பு கலக்கி நானே அடித்தேன். கோமதி வாசலில் நின்று பார்த்தாள்.

"அண்ணே, மிச்சப் பாதியையாவது விட்ரு."

"ஏட்டி, எம்புட்டு நாளைக்குச் சுவத்தைப் பாத்துச் சோறாக்குவ? மண்டையில ஏத்து."

மறுநாள் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கோமதி பட்டுச்சேலையில் தட்டோடு வந்தாள். சொல்லிக்கொடுத்தபடி பெரியவர்களிலிருந்து தொடங்கி, குனிந்து, சிரித்து, ஆறு பேருக்கும் டம்ளரை நீட்டினாள். ஆறும் காலி. மாப்பிள்ளையின் அத்தை டம்ளருக்குள் பார்த்து, "காப்பி எங்க தாயி?" என்றார். "ஊத்தியாச்சே" என்றாள் கோமதி. அந்த அம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். அவர்கள் போனதும் அடுப்படிக்குள் இழுத்துப்போய் அவளை அறைந்தேன். ஒன்றல்ல, கை வலிக்கும்வரை. வெறும் வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அடுப்புப் பற்றவைக்கவே இல்லை.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். ராஜபாளையத்தில் யார் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "கோமதி அண்ணங்கூட ஆஸ்திரேலியாவுல இருக்கா." சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்குப் பெண் தேட வேண்டியிருந்தது. இங்கே வர நான் கையெழுத்திட்ட விசாக் காகிதங்களிலோ தங்கை என்று ஒருத்தியே கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போன் போட்டேன். கேரனிடம் கற்றதைக் கோமதியிடம் சொல்ல நினைத்தேன். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள் என்று ஆரம்பிப்பதற்குள் அவள் கேட்டாள்.

"நான் அங்கதான் இருக்கேன்னு அம்மா சொல்லுதா. நெசமாண்ணே?"

"ஆமா" என்றேன்.

"அங்க சோறாக்குறேனா?"

"ஆக்குற."

பிறகு குரலைத் தாழ்த்தி, யாருக்காகவோ சிபாரிசு செய்பவள் மாதிரி சொன்னாள்:

"அவளை அடிச்சிராதண்ணே."