நிறுத்தப்பட்ட ஊசி

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அறைக்குள் என் கணவர் மட்டும் போனார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். விடாத காய்ச்சல்; இருமலில் ரத்தம் வந்து நான்கு நாளாகியிருந்தது. அந்தக் காலத்தில், நோய் பெண்ணுக்கு என்றாலும் விவரம் வீட்டு ஆணிடம்தான் சொல்லப்படும். நானும் அதைத் தவறென்று நினைக்கவில்லை.

காசம் என்றார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) அங்கே இருப்பில்லை. வெளியில் வாங்க வேண்டும். விலை அதிகம். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கே ஒரு கம்பவுண்டர் வந்து தினமும் போட்டார். இரண்டே மாதத்தில் காய்ச்சல் நின்றது. சோறு ருசித்தது.

ஒருநாள் கம்பவுண்டர் வரவில்லை.

"டாக்டரு போதும்னுட்டாரு. இனிமே ஊசி வேணாம்," என்றார் கணவர்.

நான் குலசாமிக்கு மாவிளக்குப் போட்டேன். அடுத்த மாதம் என் நாத்தனாருக்குக் கல்யாணம். இருநூறு பேருக்குச் சமைக்கும் அடுப்புப் புகையில் நின்று பரிமாறினேன். குணமாகிவிட்டேன் என்ற தெம்பு எனக்கு.

ஊசி நின்ற ஏழாம் மாதம் இருமலில் மறுபடி ரத்தம். கணவர் ஊரில் இல்லாததால் என் அண்ணன் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இந்த முறை நானே உள்ளே போனேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை (நெஞ்சுக்குள் இருப்பதைக் காட்டும் படம்) வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா ஊசிய நிறுத்துனீங்க? ஒரு வருஷம் விடாமப் போடணும்னு ஒங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே!"

எனக்கு அந்த வாக்கியம் புரியவே நேரமாயிற்று.

அன்று சாயங்காலம் கணவர் ஊர் திரும்பியதும் அவரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"காய்ச்சல்தான் நின்னுருச்சே. கல்யாணத்துக்குப் பணம் பத்தல. மருந்துச் செலவ நிறுத்துனா சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லங்க?"

"சொன்னா ஒத்துக்கிருவியா?"

கேட்டிருந்தால் என் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருப்பேன். அவர் என்னிடம் கேட்கக்கூட இல்லை. பிறகு அதே சங்கிலியை விற்றுத்தான் இரண்டாம் சிகிச்சை நடந்தது. மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி பழைய ஊசிக்கு எளிதில் அடங்காது என்றார் டாக்டர். கூட மாத்திரைகளும் சேர்ந்து ஒன்றரை வருடம் ஓடியது.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: செலவைக் குறைக்க வழி உண்டா என்று டாக்டரிடமே கேளுங்கள், வெட்கமில்லை. ஆனால் எத்தனை நாள் மருந்து என்பதை உங்கள் காதால் கேளுங்கள்.

பிழைத்துக்கொண்டேன். வலது நுரையீரலின் மேல்பகுதி சுருங்கிவிட்டது. முன்பு ஒரே மூச்சில் போன கண்மாய்க் கரைக்கு இப்போது மூன்று இடத்தில் நின்று போகிறேன். ஒரு நாள் என்பது முன்னைவிட நீளமாகிவிட்டது. அத்தனை ஊசியில் இடது காதும் மந்தமாயிற்று. அந்தப் பக்கமிருந்து யாராவது பேசினால், திரும்பி நல்ல காதைக் கொடுப்பேன்.

அவர் பேசினால் மட்டும் திரும்புவதில்லை.