நாற்பது படிவங்களும் சைதாப்பேட்டை மூட்டையும்

காலை 6.50. மாம்பலம்.

மாம்பலத்தில் ரயில் நிற்பது இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் என் பையின் ஜிப் தன் ஆயுளை முடித்துக்கொண்டது. வாயைப் பிளந்த பையை மார்போடு அணைத்தபடி, கைக்குழந்தைக்காரி மாதிரி நடைமேடையில் இறங்கினேன். உள்ளே ஒரு மாற்றுப் புடவை, கணவர் மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிக்கொடுத்த எட்டு இட்லி, நூலால் கட்டிய முப்பத்தொன்பது படிவங்கள். புடவையும் இட்லியும் தொலைந்தால் வாங்கிக்கொள்ளலாம். படிவங்கள் தொலைந்தால் என் ஏழு வருஷம் போச்சு.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். ஏழு வருஷமாகப் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பு, 'வளரும் பொருளாதாரத்தில் சிறு நிறுவனங்களும் நீடித்த வளர்ச்சியும்'. கேட்பதற்குத்தான் பெரிசு. செய்வது இவ்வளவுதான்: சென்னையில் சின்னக் கடைகளும் பட்டறைகளுமாக நாற்பதைப் பிடித்து, பொருளை வீணாக்காமல் தொழில் நடத்துகிறார்களா என்று கேள்வித்தாளை நீட்டுவது. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ரயிலேறி வந்து முப்பத்தொன்பது பேரிடம் வாங்கிவிட்டேன்.

அதில்தான் வம்பு. பதினான்காம் கேள்வி, 'தங்கள் நிறுவனத்தில் கழிவு மறுபயன்பாட்டுத் திட்டம் ஏதேனும் நடைமுறையில் உள்ளதா?' முப்பத்தொன்பது பேரும் 'இல்லை'. நானும் சிறு நிறுவனங்களுக்கு இதிலெல்லாம் அக்கறையே கிடையாது என்று நான்காம் அத்தியாயத்தில் வெளுத்து வாங்கிவிட்டேன். போன தடவை பரிசீலனைக் குழுவின் தலைவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஒருத்தர்கூடவா ஆமாம்னு சொல்லலை? படிவத்தை வீட்டுல உக்காந்து நீங்களே நிரப்பினீங்களா?" என்று கேட்டார். எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. கையெழுத்துள்ள அசல் படிவங்கள் நாற்பதையும் இன்று மூன்று மணிக்கு அடையாறு அலுவலகத்தில் குழுவிடம் நேரில் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பதிவு ரத்து. நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார். எடுத்து வைக்கவில்லை, போதுமா?

நிலையத்துக்கு வெளியே காபி இருபத்தைந்து ரூபாய். எங்கள் ஊர் டம்ளரில் பாதிதான், ஆனால் காபி காபியாக இருந்தது.

காலை 9.15. தியாகராய நகர்.

ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் தாஸ் மாஸ்டரின் கடை. ரவிக்கை மட்டும் தைக்கிறார்கள். ஆறு மெஷின், ஜன்னலோரம் நீளமான வெட்டு மேஜை. மாஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில், கழுத்தில் டேப்பு, வாய் ஓயவே ஓயாது. என் நாற்பதாவது ஆள் இவர்தான்.

"மேடம், சட்டுனு கேளுங்க. இன்னிக்கு முகூர்த்த டெலிவரி, பெண்டு நிமிந்துக்கினு கீது."

கேட்டேன். மாதம் எத்தனை கிலோ கழிவு? "ஒண்ணும் கெடயாது. சைபர்னு போட்டுக்கோங்க." இத்தனை ரவிக்கை வெட்டுகிற இடத்தில் கழிவு சைபரா? பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பதினான்காம் கேள்வியை நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

"திட்டமா? அதெல்லாம் பெரிய கம்பெனிங்க செய்றது மேடம். நம்மகிட்ட இன்னா கீது? இல்லன்னு போடுங்க."

நாற்பதாவது 'இல்லை'. கையெழுத்து வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினேன். ஜிப் போன பையில் வைக்க மனம் வரவில்லை. ஜன்னலோரம் மேஜையின் மூலை காலியாக இருந்தது, அங்கே வைத்தேன். "கீழே டீ சொல்லிக்கீறேன், குடிச்சிட்டு வாங்க" என்று மாஸ்டர் விரட்டாத குறையாக அனுப்பினார்.

டீ பதினைந்து ரூபாய். கிளாசும் கையுமாக அண்ணாந்து பார்த்தால், மாஸ்டர் கடை ஜன்னலிலிருந்து ஒரு மூட்டை கயிற்றில் ஆடி ஆடி இறங்கிவந்தது. பக்கத்து மாடியிலிருந்து இன்னொன்று. கீழே நின்ற சரக்கு ஆட்டோக்காரர் அண்ணாந்து நின்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார். ஆகா, இதல்லவா ஊர் என்று ரசித்து, போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். ஆட்டோ கிளம்பிப் போனது. நான் மேலே போனேன். மேஜையின் மூலை துடைத்துவிட்டது போல் இருந்தது.

"அந்த மூலையிலயா வெச்சீங்க?" மாஸ்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டார். "ஐயையோ! அந்த மூலையில இன்னா கீதோ, பத்து மணிக்கு மூட்டைல போயிடும் மேடம். நாங்க பாக்கவே மாட்டோம். கை பாட்டுக்கும் அள்ளிரும்."

"எங்கே போகும்?"

"சைதாப்பேட்டை. ஷமீமாக்கா வூட்டுக்கு."

என் படிவங்கள் கயிற்றில் தொங்கிப் போவதை நானே போட்டோ எடுத்திருக்கிறேன்! போன் போட்டார் மாஸ்டர். மணி அடித்தது, எடுக்கவில்லை. பிரிக்க உட்கார்ந்தால் அந்த அம்மாள் போனைத் தொடமாட்டாராம்.

காலை 10.50. சைதாப்பேட்டை.

மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தமே சைதாப்பேட்டை. டிக்கெட் ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாய்ப் பயணத்தில் நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. இறங்கி, பஜார் ரோட்டில் நான்கு பேரிடம் வழி கேட்டு, பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீட்டைக் கண்டுபிடித்தேன். முன் அறை முழுக்கத் துணி, இடுப்பளவு. அதன் நடுவே ஷமீமாக்கா, கூட இரண்டு பெண்கள். கைகள் மட்டும் தனியாகப் பறந்துகொண்டிருந்தன. பருத்தி இந்தப் பக்கம், லைனிங் அந்தப் பக்கம், ஜரிகை வைத்தது மடியில்.

நான் மூச்சிரைக்கச் சொல்லி முடித்ததும், "அரே அல்லா, வெள்ளைப் பேப்பர் கட்டா? நல்ல கெட்டிப் பேப்பரா இருந்துச்சேமா! அது மயிலாப்பூர் மாமிக்குப் போச்சு. அரைமணி ஆச்சு" என்றார்.

"மயிலாப்பூரா!"

"உக்காருமா, தண்ணி குடி. மாமி பேப்பரைக் கொளுத்திப்புடுவாங்களா என்ன? அவங்க போன் எடுத்தா சொல்லிடறேன்."

தண்ணீர் குடித்தேன். குடிக்கும்போதே, வாத்தியார் புத்தி, கேட்டுவிட்டேன்: மற்றதெல்லாம் எங்கே போகும்? பருத்தி வண்டி துடைக்க மெக்கானிக் கடைகளுக்கு, லைனிங் தலையணை அடைப்பவருக்கு, ஜரிகைத் துண்டு பொம்மைக்குப் பாவாடை தைக்கிற இன்னொரு வீட்டுக்கு, ரவிக்கை அளவு வெட்டிய காகிதம் கவர் ஒட்டுகிறவர்களுக்கு. மூச்சு விடாமல் சொன்னார்.

"மிச்சம் கழிவு?"

"இன்னாமா கழிவு?" அவர் இரண்டு பெண்களையும் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். அறையில் ஒரு குப்பைத்தொட்டி தேடினேன். மூலையில் ஒன்று இருந்தது. அதற்குள் வெற்றிலைக் காம்பு மட்டும் கிடந்தது.

காலை 11.30. ஆட்டோவில்.

மயிலாப்பூருக்கு ஆறு ஏழு கிலோமீட்டர். இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு வந்தார். சிக்னலில் நின்றபோது ஓட்டுநர் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். மயில்கழுத்து நிறம், ரவிக்கைக் கை வெட்டிய வளைவு அப்படியே இருந்தது.

"அண்ணே, அது எங்கே வாங்கினது?"

"இத்தயா? கே.கே. நகர் மெக்கானிக் குடுத்தாரு. மூட்டையா வெச்சினுகீறாரு. இன்னாத்துக்குக்கா கேக்குற?"

எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே. முப்பத்தொன்பது கடைகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'கழிவு மறுபயன்பாட்டுத் திட்டம்' என்று இலக்கணச் சுத்தமாகக் கேட்டிருக்கிறேன். ஒரு கடையிலாவது, இது எங்கே போகிறது என்று கை நீட்டிக் கேட்டேனா? மாஸ்டர் சொன்ன சைபர் சத்தியமான சைபர். அந்த மனிதரைப் பொய்யர் என்று மனசுக்குள் நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

பகல் 12.20. மயிலாப்பூர்.

கோயில் குளத்துக்குப் பின்புறம் ஒரு பழைய அடுக்குமாடி, முதல் மாடி. மாமி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பசைக் கிண்ணமும் காகிதமும். கோயில் வாசல் குங்குமக் கடைகளுக்கு அவர்தான் கவர் ஒட்டித் தருகிறார்.

"வாங்கோ, வாங்கோ. ஷமீமா இப்பத்தான் போன்ல சொன்னா. நன்னா இருக்கேள் போங்கோ, இத்தனை முக்கியமான பேப்பரை இப்படியா விடுவா?"

எண்ணினேன். இருபத்தொன்பது படிவங்கள் தாளாகவே இருந்தன. மீதிப் பதினொன்று கவராகிவிட்டன. வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைப் பிரிக்கப் போனேன், ஓரம் கிழிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"அசடே, எதுக்கு அழறேள்? கையெழுத்து தெரியறதோ இல்லையோ? எண் தெரியறதோ இல்லையோ? அப்படியே எடுத்துண்டு போங்கோ. கவரா ஒட்டினா என்ன, எழுத்து அழிஞ்சா போயிடும்?" என்றவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஆமா, ஒட்டிண்டே வாசிச்சேன். பதினாலாவது கேள்விக்கு எல்லாரும் ஒரே பதில் போட்டிருக்காளே? என் க்ளாஸ்ல இப்படி வந்தா, பசங்களைக் கூப்பிட மாட்டேன். கேள்வியைத்தான் திரும்பிப் பார்ப்பேன்" என்றார்.

இதைச் சொல்ல ஏழு வருஷத்தில் ஒருவரும் இல்லை. அழுதுகொண்டே சிரித்தேன். என் இட்லியில் நான்கு அவர் தட்டுக்குப் போனது, அவருடைய தயிர்சாதம் என் தட்டுக்கு வந்தது. கிளம்பும்போது, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறுமனே போகப்படாது" என்று குங்குமம் கொடுத்தார். கைக்குக் கிடைத்த கவரில் போட்டுக் கொடுத்தார். வாசலில்தான் பார்த்தேன், அது நாற்பதாம் எண். தாஸ் மாஸ்டரின் படிவம்.

பிற்பகல் 2.10. பறக்கும் ரயில்.

திருமயிலையிலிருந்து கஸ்தூரிபாய் நகர் நான்காவது நிறுத்தம். இதற்கும் ஐந்து ரூபாய்தான். கிரீன்வேஸ் சாலை தாண்டி அடையாற்றின் மேல் ரயில் போனபோது ஜன்னலில் நல்ல காற்று. கவர்கள் பறக்காமல் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, எதிரே இருந்த பெண் விசித்திரமாகப் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிற்பகல் 3.00. அடையாறு.

குழுவில் மூன்று பேர். மேஜையில் இருபத்தொன்பது தாள்களை வைத்தேன். பக்கத்தில் பத்துக் கவர்களை அடுக்கினேன். கடைசியாகக் குங்குமக் கவரை நிறுத்தினேன்.

தலைவர் கண்ணாடியை இறக்கினார். "இது என்னம்மா?"

சொன்னேன். மூலை, மூட்டை, கயிறு, ஷமீமாக்கா, ஆட்டோக்காரர் துடைத்த துணி, மாமியின் பசை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். போட்டோவைக் காட்டினேன். நான்காம் அத்தியாயம் தப்பு என்றும் நானே சொல்லிவிட்டேன்.

அவர் நாற்பதாம் கவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினான்காம் கேள்வியும் 'இல்லை'யும் தாஸ் மாஸ்டர் கையெழுத்தும் வெளிப்பக்கமே இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் சத்தமாகவே சிரித்துவிட்டார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

"நீங்களே நிரப்பினீங்களான்னு கேட்டேன் இல்லையா? தப்பும்மா, மன்னிச்சுக்குங்க" என்றார். அந்தச் சொல்லுக்காக இன்னும் ஏழு வருஷம்கூட ரயிலேறலாம் போலிருந்தது. பதிவு ஆறு மாதம் நீட்டிப்பு, கேள்வியைத் திருத்தி நாற்பது பேரிடமும் மறுபடி போகவேண்டும். குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டு அதே கையோடு கையெழுத்துப் போட்டார். ஆணையின் ஓரத்தில் சிவப்பாக அவர் கட்டைவிரல் ரேகை விழுந்திருக்கிறது. அதை அழிக்கவில்லை.

மாலை 6.00. மறுபடி தியாகராய நகர்.

ஊருக்கு ரயில் மாம்பலத்தில்தான் ஏறவேண்டும், நேரம் இருந்தது. வழியெல்லாம் வீட்டு நினைப்பு. என் கணவர் பால் கவர்களைக் கழுவி, சமையலறை ஜன்னலில் வரிசையாகக் காயப்போடுவார். நீடித்த வளர்ச்சி பற்றி ஏழு வருஷமாக எழுதுகிறவள், அந்த மனிதரைக் கஞ்சப் பிசினாறி என்று ஏழு வருஷமாக ஏசிக்கொண்டிருக்கிறேன். போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மாஸ்டர் கடையில் முகூர்த்த ரவிக்கைகள் போய்விட்டன. என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"கெட்ச்சிதா மேடம்?"

"கிடைச்சுது மாஸ்டர். ஒரே ஒரு கேள்வி பாக்கி." நோட்டைத் திறந்தேன். அந்த மூலையில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். "உங்க கடையிலேர்ந்து தினமும் என்னென்ன வெளியே போகுது? யாருக்குப் போகுது?"

மாஸ்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சைதாப்பேட்டை மூட்டையில் தொடங்கினார். தீர்ந்துபோன நூல்கண்டின் குழாய் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, உடைந்த ஊசி யாரிடம் போகிறது, கொக்கி வந்த அட்டை என்ன ஆகிறது என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். நான்கு பக்கம் எழுதினேன். கை வலித்தது. முடித்துவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்த காலைலயே இப்டி கேட்டிருக்கலாம்ல மேடம்?"