ராத்தாவைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கு நான் காய்ச்சிய கடற்பாசி

எஸ்.எஸ்.ஸி. சோதனை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை திருகோணமலையில் மாமா வீட்டில் நின்றேன். கடற்பாசியை முதன்முதல் தின்றது அங்கேதான். கண்ணாடி போல் இருந்தது, தொட்டால் நடுங்கியது, வாயில் வைத்தால் பல்லுக்கு வேலையே இல்லை. ஏலக்காய் வாசம் மட்டும் மிஞ்சியது. கடலில் முளைப்பதை வெயிலில் போட்டுப் போட்டு வெளுக்கவைத்துக் காய்ச்சுகிறார்கள் என்று மாமி சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வந்த கிழமையே, எனக்கு மூத்தவளான என் ராத்தாவைப் பெண் கேட்டு ஒரு மாப்பிள்ளையின் தாய் வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக்கொடுப்பது பெண் வீட்டார்தான். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். ராத்தாவுக்கென்று வாப்பா எழுப்பிய இரண்டு அறைகளிலும் சுவர் மட்டும்தான் முடிந்திருந்தது. இரண்டு போகம் வெள்ளத்தில் போனதால் ஓடு போட வழியில்லாமல் தென்னோலைக் கிடுகு வேய்ந்திருந்தார். ராத்தாவுக்கு இருபத்துநாலு வயது. இந்த இடமும் தவறினால் என்ன செய்வது என்று உம்மா அழாத நாளில்லை.

எல்லா வீட்டிலும் கிண்டி வைக்கிற தொதல் அல்வாவை நாமும் ஏன் வைக்க வேண்டும் என்று உம்மாவை வாயால் வென்று, நானே பாசி காய்ச்சினேன். பாலும் சீனியும் விட்டு, துணியில் வடித்து, தட்டில் ஊற்றி ஆறவைத்தேன். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி ராத்தாவுக்குக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். காற்றைத் தின்கிற மாதிரி இருக்கிறதென்று சிரித்தாள்; இன்னொரு துண்டு கேட்டாள்.

ராத்தாவுக்கென்று கட்டிய அறையில் வந்து இருந்த மாப்பிள்ளையின் தாய் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்து, இது என்னவென்று கேட்டார். நான் சும்மா இருக்கவில்லை. கடலுக்கடியில் வளர்வது, நம்முடைய மீன்காரர் வலையில் சிக்கினால் உதறி எறிவது என்று பாடமே நடத்தினேன்.

"உதறி எறியிறதையா மனே எங்களுக்கு வெச்சிரிக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, துண்டைத் தட்டிலேயே வைத்தார். கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெற்றிலை மட்டும் போட்டுக்கொண்டு போனார்கள். சரிவராது என்று நாலாம் நாள் செய்தி வந்தது.

உம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். வாப்பாவோ காண்கிறவர்களிடமெல்லாம், மகன் பாசி கொடுத்து மாப்பிள்ளையைத் துரத்திவிட்டான் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் சோறு தின்னாமல் கிடந்தேன். ராத்தாதான் கிட்ட வந்து இருந்தாள்.

"பாசியில ஒண்டுமில்லடா தம்பி. இரிக்கிறதுக்கு முன்னுக்கே அந்த மனிசி அண்ணாந்து கிடுகைத்தான் பாத்தா. நான் கதவிடுக்கால பாத்துக்கிட்டு நிண்டன். வாப்பாட்ட மட்டும் சொல்லிராத."

நான் சொல்லவில்லை. பாசியால்தான் கெட்டது என்று வாப்பா சொல்லும்போதெல்லாம் ஓம் என்று தலையாட்டினேன்.

ஆறேழு மாதம் கழித்து இன்னோர் இடம் வந்தது. வாப்பா தானே கடை கடையாகப் போய்க் கித்துள் கருப்பட்டி வாங்கிவந்து வட்டிலப்பம் செய்வித்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார். வந்தவர்கள் வழித்துத் தின்றார்கள், ருசியைப் புகழ்ந்தார்கள். அவர்களும் சரிவராது என்றே சொல்லி அனுப்பினார்கள்.

அன்று வாப்பா யாரையும் குறை சொல்லவில்லை. ராத்தாவுக்கென்று கட்டிய அந்த அறைகளுக்குள் போனவர், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியும் வெளியே வரவில்லை.