டீச்சர் சொன்ன ஃபிளாட்

ஒரே பின் வீல் ஒரு வாரத்தில் மூன்று முறை திரும்பி வந்தால் எந்த முதலாளிக்கும் ரத்தம் கொதிக்கும். என் முதலாளிக்குச் சாதாரண நாளிலேயே கொதிக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் ஒரு வாரம் வேலை பார்த்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கை சரியாக இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் சொந்த ஊரான பாலசமுத்திரத்துக்குப் பஸ். வேலை நிரந்தரமானால்தான் மகளைத் தருவேன் என்று பழனியில் மாமாவும் சொல்லிவிட்டார். ஆக, என் கல்யாணம் வீல் கம்பிகளை முறுக்கும் ஸ்போக் சாவியில் தொங்கியது.

அந்த வீல் மிஷன் பள்ளி பியானோ டீச்சருடையது. திங்கட்கிழமை நாற்பது புது ஸ்போக் போட்டு நானே கட்டினேன். சுற்றிவிட்டால் இம்மிகூடக் கோட்டம் இல்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

புதன்கிழமை டீச்சர் சைக்கிளை நிறுத்தி, "செல்லையா, பின் வீல் ஃபிளாட்டா இருக்குப்பா, பாத்து வை" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார். எனக்கு வந்த கொஞ்சம் இங்கிலீஷும் வெள்ளைக்காரப் பள்ளிப் பிள்ளைகளிடம் பொறுக்கியது. அவர்களுக்கு ஃபிளாட் என்றால் பஞ்சர். டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. காற்றை நிறைத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி "ஃபிளாட்" என்றார். புது டியூபே போட்டேன். சனிக்கிழமை இரண்டு ஸ்போக் அறுந்து, ஆடுகிற வீலைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏலே, வெரசா பெட்டியக் கட்டு!" என்றார் முதலாளி. "பஞ்சர் பாக்கத் தெரியாதவனுக்கு இங்க என்ன சோலி?"

"டீச்சர் ஃபிளாட்டுன்னாங்க, முதலாளி. காத்து அப்படியே கெடக்குங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு விரலால் ஸ்போக்குகளை வரிசையாகச் சுண்டினார். டிங், டிங், டிங், டொங்.

"காத்தை யாருப்பா சொன்னா? இந்தக் கம்பிதான் ஃபிளாட். பியானோவுல நாங்க சொல்ற ஃபிளாட், சுதி எறங்கியிருக்கு."

அப்போதுதான் விளங்கியது. நான் கட்டிய வீல் நேராகத்தான் ஓடியது. ஆனால் சில ஸ்போக்குகள் தளர்ந்து சும்மா உட்கார்ந்திருக்க, பக்கத்திலிருந்தவை அவற்றின் பாரத்தையும் சுமந்து அறுந்துவிட்டன. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

அறுந்ததை மாற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். டீச்சர் ஒவ்வொன்றாகச் சுண்டி "ஏத்து", "எறக்கு" என்றார். நான் சாவியைத் திருப்பினேன். நாற்பதும் ஒரே சுதியில் பேச வேண்டும் என்று பிடிவாதம் வேறு.

"அது ஆகாதுங்க டீச்சர். செயின் பக்கம் கூடுதலா இறுக்குனாத்தான் வீல் நடுவுல நிக்கும். பக்கத்துக்கு ஒரு சுதிதாங்க."

டீச்சர் இரண்டு பக்கமும் சுண்டிப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்று ஒப்புக்கொண்டார்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "தொழில் தெரியுது. இவனுக்கு இங்கிலீஷ்தான் ஆபத்து" என்று முனகினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, திங்கக்கெழம வெள்ளனே வந்துரு. இனிமே இதுதான் ஒன் கடை" என்றார்.

வீல் கட்டப் பழகும் தம்பிகளே, கோட்டம் போனதும் எழுந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கமாகச் சுண்டிக் கேளுங்கள். ஒன்று மட்டும் மாறி ஒலித்தால் வேலை முடியவில்லை. யாராவது குறை சொன்னால், எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மாமாவுக்கு அன்றே கடிதம் போட்டேன். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மட்டும் எழுதினேன். எப்படி ஆனது என்றும் எழுதியிருந்தால், பெண்ணைத் தந்திருக்க மாட்டார்.