மூன்றடி பின்வாங்க முடியாமல்

ஜெருசலேமில் சந்தைக்குப் பின்புறச் சந்தில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் பினஹாஸ் துவெக்கை, அவருடைய யூத ஜெபக்கூடத்தில் எல்லோரும் பெரிய பக்திமான் என்று நம்பினார்கள். நம்பாதவர் ஒரே ஒருவர். அவர் பினஹாஸ்.

எல்லாம் காலை ஜெபத்தால் வந்தது. நின்றபடி வாய்க்குள் முணுமுணுக்கும் அந்த நீண்ட ஜெபத்தை, மூன்றடி முன்வைத்து, பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடக்கிக் குனிந்து, ஒழுங்காகத்தான் தொடங்குவார். நான்காவது வரியில் மனம் ஏதாவதொரு கம்ப்ரஸருக்குள் போய் விழுந்துவிடும். மீண்டு வந்தால் எங்கே விட்டோம் என்று தெரியாது. மறுபடி முதலிலிருந்து. மன்னிப்புக் கேட்டு நெஞ்சில் முஷ்டியால் தட்டும் இடத்துக்கு ஒரே காலையில் மூன்று தடவை வந்ததுண்டு. பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். சுகமில்லாத பேரனுக்காக ஜெபிக்கச் சொல்லி, மேல்மாடத்தில் தனியாக உட்கார்ந்து ஜெபிக்கும் பெண்கள் சீட்டு அனுப்பினார்கள். பினஹாஸும் சும்மா இருக்கவில்லை. கண்ணை இறுக மூடி, உடம்பைக் கொஞ்சம் வேகமாக ஆட்டி, இரண்டு பெருமூச்சையும் சேர்த்துக்கொண்டார்.

அவருக்கு நேர்முன்னால் நிற்பவர் தபால் நிலைய குமாஸ்தா எஸ்ரா மன்சூர். ஜெபம் முடித்தவர் மூன்றடி பின்வாங்கி, இடம், வலம், நடு என்று குனிந்து விடைபெற வேண்டும். பின்னால் ஒருவர் இன்னும் ஜெபித்துக்கொண்டிருந்தால் அவரை நெருங்கி அடிவைக்கக் கூடாது. எஸ்ரா பாவம், சேர்த்த காலோடு அப்படியே நிற்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெபத்துக்காகக் கையில் சுற்றிய தோல்வாரை அவிழ்த்தபடியே அவர் திரும்பினார்.

"பினஹாஸண்ணே, கோவிச்சுக்காதீங்க. நேத்து ஆபீஸ்ல மெமோ குடுத்துட்டாங்க. இந்த மாசம் ஆறாவது தடவ பஸ்ஸ விட்டுட்டேன்."

"அதுக்கு நான் என்னப்பா பண்ணணும்?"

"நீங்க முடிச்சாத்தானே நான் பின்னால வர முடியும்? அவசரப்படுத்துனா பாவம்னு வாயத் தொறக்கல. அப்படி உருகி உருகி என்னதாண்ணே கேக்குறீங்க?"

மேலே பார்த்து ஒரு பெருமூச்சு விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். எஸ்ராவின் வாடிய முகத்தைப் பார்த்ததும் பினஹாஸுக்கு அது முடியவில்லை.

"அபுலாஃபியா அம்மா வீட்டு ஃபிரிட்ஜ் கதவு ரப்பர். நேத்தும் அதான்."

"ரப்பரா?"

"நடுவுல மறந்துபோயி மொதல்லேர்ந்து ஆரம்பிப்பேன். பக்தியுமில்ல, ஒண்ணுமில்ல."

"நாலு வருஷமா நான் ஒரு ரப்பருக்கா மரியாத குடுத்து நின்னேன்?" எஸ்ரா முறைத்தார். பிறகு அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. என் மச்சினி கல்யாணத்துக்கு உங்கள ஜெபிக்கச் சொல்லிருந்தோம்."

"நடந்துச்சா?"

"நடந்துச்சே!"

"அப்ப அது நானில்லப்பா."

மறுநாள் பினஹாஸ் கை கழுவும் தொட்டியை ஒட்டிய மூலைக்கு மாறினார். அங்கே எதிரே சுவர் மட்டும்தான். புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து வாசித்தார். ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எஸ்ராவுக்குப் பஸ் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து மனைவி ஸிம்ஹா சாப்பாடு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, உங்களுக்கு நம்பிக்க கொறஞ்சு போச்சாமே? மூலைக்குப் போயிட்டாராம், சட்டுனு முடிச்சிடுறாராம். மாடத்துல ஒரே பேச்சு."

"அடியே, இப்பத்தான் முழுசா சொல்றேன்!"

"அத அங்க போயிச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பணிவு என்று மெச்சுவார்கள் என்று அவருக்குத் தெரியும். மெச்சினால் தேவலை என்று தமக்குள் ஒரு சின்ன ஆசை இருப்பதும் தெரியும்.