என் இடது காலும் நாலு ஜாஸ்காரர்களும்

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, என் சொந்தக் காரில் வைத்தே என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் ஒருவர். கை என்று சொல்வதுகூடத் தப்பு. பிடிபட்டது என் கால். பிடித்தவருக்கோ கண் தெரியாது!

இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு வம்பளக்கிற நான், மிச்ச நேரத்தில் செஞ்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். என் ஜாஸ் பைத்தியமும் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக...

டிராவல்ஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், கோட்டை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் பின் சீட்டில் ஒரு சிடியை விட்டுவிட்டுப் போய்விட்டார். அட்டை கிடையாது. பேர் கிடையாது. மார்க்கர் பேனாவில் 'ஜாஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தேன். என்னடா இது, கல்யாண பேண்டு செட்டு ஆளாளுக்கு ஒரு பக்கம் போகிறதே என்று நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு நாள் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் மறுபடி போட்டேன். கேட் திறந்ததையே நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அன்றிலிருந்து அந்த நாலு பேருக்கு நான் அடிமை. யார் அவர்கள், எந்த ஊர், இருக்கிறார்களா போய்விட்டார்களா — ஒன்றும் தெரியாது. பேர் தெரியாமல் எப்படி ரசிகனாக இருப்பது? நானே வைத்துவிட்டேன். சாக்ஸஃபோன் ஊதுகிறவர் முனுசாமி. பியானோ, தேவராஜ். டிரம்ஸ், துலுக்காணம். ஆள் உயரப் பிடிலை விரலால் சுண்டிச் சுண்டி 'தும்… தும்…' என்று நடந்து வருகிறவர் ஏழுமலை. 'முனுசாமி சௌக்கியமா?' என்று வாசகர்கள் கடிதம் போடுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

நான் சும்மா இருக்கத் தெரியாத பிறவி. டீக்கடையில் டீ வருவதற்குள் மூன்று தடவை எழுந்து உட்காருவேன். உட்கார்ந்தால் கால் ஆடும். 'காலாட்டாதடா, வீட்டுக்கு ஆகாது' என்று அம்மா தொடையில் போட்ட போடு கொஞ்சமா நஞ்சமா? இப்படிப்பட்டவன் பார்க்கிற தொழிலோ, பிரேக் எது ஆக்சிலேட்டர் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் போய் உட்காருவது! எதிரே திருவண்ணாமலை பஸ் அலறிக்கொண்டு வரும். பாதி ரோட்டுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப் போட்டிருப்பார்கள். மீதி ரோட்டில் ஆடு. ஸ்டீயரிங் பிடித்திருக்கிறவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் டாக்டர் எனக்கு பி.பி. பார்த்தார். மெஷின் மேல் சந்தேகப்பட்டு இன்னொரு மெஷினில் பார்த்தார். "டென்ஷனைக் குறைங்க" என்று ஒரு மாத்திரை எழுதினார். இன்னொரு மாத்திரையை நானே எழுதிக்கொண்டேன் — வகுப்பு நடக்கும்போதும் காரில் ஜாஸ்.

என்ன மாயமோ! ஏழுமலை நாலு எட்டு வைப்பதற்குள் என் தோள் தானாக இறங்கிவிடும். கத்துவது நின்றது. முனுசாமி ஓரிடத்தில் தடுக்கி விழுவார். விழுந்தாரா, வேண்டுமென்றே குதித்தாரா என்று நாம் யோசிப்பதற்குள், தேவராஜ் அந்தத் தப்பையே வாங்கி அழகாக்கிவிடுவார். நானும், "தப்பு பண்ணா பரவால்லம்மா, அடுத்தத சரியா பண்ணு" என்று மகான் மாதிரி பேச ஆரம்பித்தேன். எனக்கே என்னைப் பிடித்துப்போய்விட்டது என்றால் பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் ஷமீமா வந்து சேர்ந்தார். நாற்பத்திரண்டு வயது. கணவர் காதர் பாய் இருபது வருடம் டாக்ஸி ஓட்டியவர். சர்க்கரை முதலில் அவர் கண்ணை எடுத்தது, அப்புறம் கிட்னியை. வாரத்துக்கு மூன்று நாள் புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் பண்ணிக்கொள்ள வேண்டும். அவருடைய கார் வீட்டு வாசலில் நிற்கிறது. இவர்கள் பஸ்ஸில் போகிறார்கள்! திரும்பும்போது பாய்க்குத் தலை சுற்றும், வாந்தி வரும். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"வண்டி இருக்குது மாஸ்டர். ஓட்டத்தான் ஆள் இல்ல. நான் கத்துக்கினா இவர் மானமா போய்ட்டு வருவாரு" என்றார் ஷமீமா.

என் பக்கத்தில் இருக்கும்போது நன்றாகத்தான் ஓட்டினார். டெஸ்ட் என்று போனால் ஃபெயில். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் வண்டியை எடுத்துக் காட்ட வேண்டும். டெஸ்ட் எடுக்கிற ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடும். இரண்டு தடவை இதே கதை. இரண்டாவது தடவை இறங்கி வந்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

"டென்ஷன்தான் காரணம்மா. இந்தப் பாட்டக் கேளுங்க, மனசு லேசாவும்" என்று வால்யூமைக் கூட்டினேன்.

இதற்குள் பாயின் தம்பி, அந்தக் காரை வாங்க ஆரணியில் ஒரு பார்ட்டி பார்த்துவிட்டார். மூன்றாவது டெஸ்ட் புதன்கிழமை. அதிலும் போச்சென்றால் வண்டியைக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று.

அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் காதர் பாய், "நானும் பின்னால குந்திக்கினு வரேன்" என்று வந்தார்.

சிங்கவரம் ரோட்டில் போகிறோம். துலுக்காணம் பிரமாதமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். பாய் தலையைச் சாய்த்து ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். ஆஹா, நமக்கு ஒரு ஜாஸ் ரசிகர் கிடைத்துவிட்டார் என்று நான் பூரித்துப்போனேன்.

"மாஸ்டர்... கிளட்ச்சுல உங்க கால் இருக்குதா?"

"இல்லியே பாய்!"

"எஞ்சின் எகிறுது, அடங்குது, எகிறுது, அடங்குது. கரெக்டா அந்த டிரம்ஸுக்கு எகிறுது. ஷமீமாவுக்குத் தாளமெல்லாம் வராது மாஸ்டர். இருபது வருசமா கூட இருக்கறன், எனக்குத் தெரியாதா?"

குனிந்து பார்த்தேன். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. என் இடது கால் கிளட்ச் மேல் ஏறி உட்கார்ந்து, கச்சேரியில் முதல் வரிசைக்காரன் மாதிரி தாளம் போட்டுக்கொண்டிருந்தது!

ஷமீமா வண்டியை ஓரம் கட்டினார். "அப்ப... அந்தப் பெடல் தானா மேல போய்ட்டு கீழ வரும் இல்ல? அது நீங்களா?"

"ஏம்மா, இத்தனை நாள் சொல்லல?"

"காருன்னா அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன் மாஸ்டர்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பெண் ஒரு தடவைகூடத் தானாகக் கிளட்ச்சை விட்டுப் பழகியதே இல்லை. பாதியை எப்போதும் நான்தான் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வண்டி ஆஃப் ஆகாமல் காப்பாற்றியதும் என் கால், கற்றுக்கொள்ளவிடாமல் செய்ததும் என் கால். டெஸ்டில் நான் இறங்கிக்கொண்டதும் பாவம், தனியாகத் தவித்திருக்கிறார்.

மற்றவர்கள் எப்படிப் பாஸ் பண்ணினார்கள் என்கிறீர்களா? அவர்கள் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே டிராக்டர் ஓட்டினவர்கள். நான் என்ன செய்தாலும் கற்றுக்கொள்ளக்கூடியவர்கள். அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. வர வேண்டியதுதானே? "ரெண்டு வாட்டி அழுதேன் மாஸ்டர். என்னால இவரு பஸ்ல கஷ்டப்படறாருன்னு நெனச்சு நெனச்சு அழுதேன். மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்துங்க!"

நிறுத்தினேன். இரண்டு காலையும் மடக்கிச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதல் முறையாக ஷமீமா தன் சொந்தக் காலால் வண்டியை எடுத்தார். ஆஃப். மறுபடி ஆஃப். ஏழெட்டுத் தடவை ஆஃப். சைக்கிளில் போன சிங்கவரத்து ஆள் ஒருவர் நின்று, சம்மணம் போட்ட என்னை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

பின் சீட்டிலிருந்து பாய் சொல்ல ஆரம்பித்தார். "அவசரப்படாத. விடு... இன்னும் கொஞ்சம் விடு... சத்தம் கீழ எறங்குது பாரு, அதான் புடிக்கிற எடம். அங்கியே நிறுத்து. கேக்குதா?"

"கேக்குது."

"அவ்ளோதான். இப்ப போ."

வண்டி குலுங்காமல் நகர்ந்தது.

அதற்கப்புறம் டெஸ்ட் வரைக்கும் அவர்தான் மாஸ்டர், நான் பாசஞ்சர். டயாலிசிஸ் இல்லாத நாள்களில் தினமும் வந்தார். கண்ணில்லாத மனிதர் எஞ்சினைக் கேட்கிறார். அவர் குரலை ஷமீமா கேட்கிறார். ஷமீமாவின் கால் போகிற வேகம் பார்த்து அவர் குரல் வேகத்தை மாற்றுகிறார். நான் சம்மணத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பாட்டில்லாமல் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. ஆனாலும் ஒன்று உறைத்தது. என் நாலு பேரும் இதைத்தானே செய்கிறார்கள்? முனுசாமி ஊதும்போது மற்ற மூவரும் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் அவர் தடுக்கினால் தேவராஜால் பிடிக்க முடிகிறது. இத்தனை வருடம் அவர்களை ரசித்தேன், தலையாட்டினேன், காலாட்டினேன், உங்களுக்கெல்லாம் எழுதி எழுதி அறுத்தேன். பக்கத்து சீட்டில் இருக்கிறவரைக் கேட்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. நல்ல ரசிகன்!

புதன்கிழமை. பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். கார் மேட்டுக்குப் போனது. நானும் பாயும் தள்ளி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றோம். அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். என்னால் நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. வண்டி மேட்டில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பின்னால் உருளப் போகிறதோ என்று எக்கி எக்கிப் பார்த்தேன்.

"இன்னா பாய், எடுக்கவே மாட்றாங்க?"

"பேசாதீங்க மாஸ்டர். விடறா... விடறா... புடிச்சிட்டா!"

அவர் சொல்லி முடித்த பிறகுதான் கார் நகர்ந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. என் முழங்கையில் அவர் விரல்கள் பதிந்த இடம் சிவந்துவிட்டது. பாஸ்! ஆரணி பார்ட்டிக்கு அன்றைக்கே போன் போட்டு, வண்டி கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை முதல் தடவையாக அவர்கள் தங்கள் காரில் புதுச்சேரி போனார்கள். லைசன்ஸ் கைக்கு வந்தும், "மொத வாட்டி மட்டும் கூட வாங்க மாஸ்டர்" என்று ஷமீமா கூப்பிட்டதால் நானும் போனேன். பின் சீட்டில். அங்கே பெடல் எதுவும் கிடையாது, கவலைப்படாதீர்கள்.

டிரைவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் தூக்கம் வராது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவோம், இல்லாத பிரேக்கை மிதிப்போம். திரும்பி வரும்போது நான் அப்படித்தான் வந்தேன். காதர் பாய் முன் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். வாந்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படி ஒரு தூக்கம்.

ஷமீமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இப்ப வேணும்னா உங்க பாட்டப் போட்டுக்கோங்க மாஸ்டர். மெதுவா" என்றார்.

"வேணாம்மா. அவரு தூங்கட்டும்" என்றேன்.

வீடு வரும்வரை கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த ஆறு மாதத்தில், 'உங்களுக்கு டிரைவிங் வராதும்மா, விட்டுடுங்க' என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் மொத்தம் மூன்று பேர். இரண்டு பேருக்குப் போன் பண்ணி, 'தப்பு என் கால் மேல், திரும்ப வாருங்கள்' என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது ஆளிடம் இன்னும் சொல்லவில்லை. அது என் மனைவி.